ஸ்ரீமான் நல்லசாமிப் பிள்ளையவர்கள்

ஜெ. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1864-ல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்தார். சட்டம் பயின்று ஜில்லா முன்சீப் உத்தியோகம் வகித்தார். நமது திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தை 1895-ல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். சூத்திரங்கள் பன்னிரண்டே. ஹாய்சிங்டன் என்னும் பாதிரியார் 1854-லேயே அதனைப் பெயர்த்ததுண்டு. எனினும், நம் நெறியைப் பிறர் சொல்லக் கேட்ட உலகம் அப்பொழுது நம்மவர் வாயிலாகவும் கேட்டது. 1897-ல் சித்தாந்த தீபிகை என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தோற்றுவித்தார்.

அந்நூலின் மூலம் வடமொழி ரௌரவாகமமே என்பது மரபு. தமிழே முதனூல் என வாதித்தோர் பின்னர் எழுந்தனர். தாம் யாரென வினவும் மக்கள் தம் பழநூலின் பிறப்பையும் வினவாதிரார் போலும்! இன்று தமிழின உணர்ச்சியின் தோற்றத்தை ஆராயும் சரித்திர ஆசிரியர், 1891-ல் வெளிவந்த மனோன்மணீயத்தோடு தீபிகையின் ஏடுகளையும் புரட்டுகின்றனர். அந்நூல் பிறந்த ஊர்ச் சிறுவரோ சூத்திரம் ஒன்றும் அறியார்.

பிள்ளையவர்கள் 1920-ல் சிவபதமெய்தினார்.