கணித மேதை இராமானுஜனும் விடுபட்ட எண்ணும்

நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் உருவாகும் கார்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அயல்நாடு செல்வதை நாம் அறிவோம். அந்தத் துறைமுக அலுவலகத்தில் 1912 ஆம் ஆண்டு, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் ஓர் இளைஞர். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கர். பள்ளியில் பரிசுகள் பெற்ற இராமானுஜன், கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறினார். உதவித்தொகை நின்றது. பின்னர்ச் சென்னையில் எழுதிய தேர்விலும் வெற்றி கிட்டவில்லை. காகிதம் வாங்கக் காசின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்து வைத்தார்.

1913 இல் அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி, அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். 1914 மார்ச்சில் இராமானுஜன் கப்பலேறினார்.

மறு ஆண்டே அரியதோர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். 12 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 6, 12 என அதற்கு ஆறு வகுத்திகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை. அடுத்து 24, அதற்கு எட்டு. இத்தகைய எண்களின் இயல்புகளை ஆராய்ந்த இராமானுஜன், அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டார். கடைசி எண் 67,46,32,83,88,800. இதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080 வகுத்திகள்! மாணவியரே, நீங்களும் பெருக்கிப் பாருங்கள்.

கல்லூரித் தேர்வில் தவறியவருக்கு, இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் அளித்தது.

ஆனால் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தது! 2,93,31,86,25,600 என்பதே அது. அதன் வகுத்திகள் 5,040. அதை 23 ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் கிடைத்துவிடும். அவ்வளவு அருகில் இருந்தும் மேதையின் கண்ணுக்கு அது தப்பிவிட்டது. பின்வந்த அறிஞர்கள் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். இராமானுஜனின் பெருமை இதனால் குறைந்ததா? இல்லவே இல்லை.

1918 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான அவர், உடல் நலிந்து 1919 இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில், 32 வயதிலேயே மறைந்தார்.

ஒரு கணக்குத் தவறினால், தனக்குக் கணக்கே வராது என்று நோட்டை மூடிவிடும் தோழியர் நம்மிடையே உண்டு. அவர்கள் இராமானுஜனை நினைத்துக்கொள்ளட்டும். தவறிய கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். போடாமல் விட்ட கணக்கை யார்தான் திருத்த முடியும்?