எரித்தவர் நட்ட கல்

ஸ்பெயினிலே பிறந்த மருத்துவர் மைக்கேல் செர்வீட்டஸ். இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று குருதி திரும்பும் வழியை ஐரோப்பாவில் முதன்முதல் அச்சேற்றியவர். அதே ஏட்டிலே, திரித்துவம் வேதத்தில் இல்லை என்றும் எழுதினார். போதாதா? பிரான்சிலே கத்தோலிக்கர் சிறையிலடைத்தனர். தப்பினார். ஆள் அகப்படவில்லை, கொடும்பாவியைக் கொளுத்தினர்!

ஓடியவர் போய்ச் சேர்ந்த இடம் ஜெனீவா. கத்தோலிக்கக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சை விட்டோடி வந்த கால்வின் கோலோச்சிய ஊர். அடிபட்டவனுக்குத்தானே வலி தெரியும்? தெரியவில்லை, தோழர்களே! 1553 அக்டோபர் 27-ல், சாம்பெல் மேட்டிலே அவரை உயிரோடு எரித்தனர்.

மறு ஆண்டே, அதே ஜெனீவாவிலே, கத்தோலிக்கரால் மாண்ட புராட்டஸ்டண்டுத் தியாகிகளின் வரலாற்றைக் கிரெஸ்பின் அச்சிட்டார். செர்வீட்டசுக்கு அதில் இடமில்லை. தம் பிணங்களை எண்ணத் தெரிந்தது, தாம் எரித்த பிணம் கணக்கில் வரவில்லை.

350 ஆண்டு கழித்து, 1903-ல், கால்வின் வழிவந்தோர் அந்த மேட்டிலே கல் நட்டனர். பிழைதான், ஆனால் அக்காலத்தின் பிழை என்கிறது கல். அப்படியானால் 1554-லேயே பாசல் நகரிலிருந்து அக்கொலையைக் கண்டித்த காஸ்டெல்லியோ எந்தக் காலத்தவராம்?

சிலைக்கு ஜெனீவா இடம் மறுத்தது. 1908-ல் எல்லைக்கு அப்பால், பிரான்சின் ஆன்மாசிலே வைத்தனர். ஜெனீவாவிலே செர்வீட்டஸ் சிலை எழுந்தது 2011-ல்.