சந்தனம் வடித்த திவான்

வீட்டில் பாட்டி கல்லில் சந்தனம் இழைக்கும்போது எழும் மணத்தை நாம் அனைவரும் அறிவோம். நம் அரூருக்கு அப்பாலுள்ள சித்தேரி மலையிலும் சந்தன மரங்கள் உண்டு. அந்த மணத்தை எண்ணெயாக வடிக்கும் தொழில் மைசூரில் வேரூன்றியபோது அங்கே திவானாக இருந்தவர் சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

அவர் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறந்த நாளான செப்டம்பர் 15 இன்று பொறியாளர் தினம். இளமையிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருளீட்டி, பெங்களூரில் பட்டமும் புனேயில் பொறியியலும் பயின்றார். அணைக்கட்டுகளால் பெரும் புகழ் பெற்று 1912இல் மைசூரின் திவானானார்.

அக்காலத்தில் மைசூர்ச் சந்தனக் கட்டைகள் கப்பலேறி ஜெர்மனிக்குச் செல்லும். எண்ணெய் வடிப்பது அங்கேதான். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. கப்பல் நின்றது. கட்டைகள் வாங்குவாரின்றிக் குவிந்தன. அரசின் வருவாயோ ஆட்டங்கண்டது!

மரம் நம்முடையது, எண்ணெய் வடிக்கும் வித்தை மட்டும் பிறருடையதா? மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவுடன் திவான் செயலில் இறங்கினார். தொழில்துறையைக் கவனித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். (நம் சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியவரும் இவரே.) பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் இருவரும் வடித்துப் பார்த்தனர்.

அது எளிய வேலையன்று. பழைய முறையில் செம்புப் பானையில் தண்ணீரும் மரத்தூளும் இட்டு அடியில் தீ மூட்டுவர். தூள் அடியில் தங்கிக் கருகினால், கருகல் வாடை எண்ணெயிலும் ஏறிவிடும். கொதிகலனில் தனியே நீராவி உண்டாக்கித் தூளின் ஊடே செலுத்தினால் தீ மரத்தைத் தொடுவதில்லை. மணத்திற்கு உயிரான சாண்டலால் தனியே கொதிக்கச் சுமார் 300 டிகிரி வெப்பம் வேண்டும். நீராவியுடன் சேர்ந்தாலோ 100 டிகிரிக்குள்ளாகவே வெளியேறும். ஆயினும் மெல்ல மெல்லத்தான் வரும். பாதியில் நிறுத்தினால் அதன் பெரும்பகுதி தூளிலேயே தங்கிவிடும். அவசரப்பட்டுச் சூட்டை மிகுத்தால் மணம் கெடும். ஆகவே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். நல்ல சந்தன எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சாண்டலாலே. வைரம் பாய்ந்த கட்டையும் வேரும்தான் எண்ணெய் தரும், வெளிமரத்தால் பயனில்லை.

1916இல் பெங்களூரிலும் மறு ஆண்டு மைசூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. பின்னர் அவ்வெண்ணெயைச் சேர்த்து மைசூர் சாண்டல் சோப்பும் பிறந்தது.

பிராமணரல்லாதாருக்கு அரசுப் பணிகளில் இடம் ஒதுக்கும் கொள்கையை ஏற்காமல் 1918இல் விசுவேசுவரய்யா பதவி துறந்தார். இதில் மட்டும் என் மனம் அவருடன் ஒத்துப்போகவில்லை. 1955இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. நூறாண்டு நிறைந்த பின், 1962 ஏப்ரல் 14இல் பெங்களூரில் மறைந்தார். அவரது நினைவிடம் முத்தேனஹள்ளியிலேயே உள்ளது.