சாலை காத்த சான்றோர் டி.வி. சுந்தரம் அய்யங்கார்

வண்டி ஓட்டத் தெரிந்தவர் பலர். சாலையில் செல்லத் தெரிந்தவர் சிலரே. டி.வி. சுந்தரம் அய்யங்காரைத் தொழிலதிபர் என்றே பலரும் அறிவர். பிறர் உயிரைத் தம் பொறுப்பாகக் கருதி வண்டி விட்டவர் அவர் என்பதையும் நாம் அறிய வேண்டும். ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு நல்ல பாடமாகும்.

திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்தில் அமைந்த திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு அவர் பிறந்தார். டி.வி.எஸ். என்பதன் முதல் எழுத்து அந்த ஊரின் பெயரைக் குறிப்பதே. தந்தையாரின் விருப்பப்படி வக்கீல் தொழிலில் இறங்கினார். பிறகு ரயில்வேயிலும் வங்கியிலும் பணிபுரிந்தார். மாதச் சம்பளம் தவறாமல் வரும் வேலையை விடுவதற்கு யார்தாம் துணிவர்? அவர் துணிந்தார். 1911இல் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தி, அடுத்த ஆண்டு பேருந்து விடத் தொடங்கினார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பேருந்து ஓடியது. பின்னர் மதுரையே அவருடைய தொழிலுக்குத் தலைநகரமாயிற்று.

அந்தக் காலத்துச் சாலைகளை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தார் கிடையாது, சிக்னல் விளக்கு கிடையாது. மாட்டு வண்டிகளும் கால்நடைகளும் பாதசாரிகளும் ஒரே புழுதியில் சென்றனர். இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் 1914ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆகவே, தொடக்கத்தில் அவர் தமக்குத் தாமே ஒழுங்கை வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவற்றுள் முதலாவது காலந்தவறாமை. டி.வி.எஸ். பேருந்து வரும் வேளையைக் கொண்டு மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்களாம். இதைப் பெருமைக்காக மட்டும் சொல்வதாக நாங்கள் நினைக்கவில்லை. உரிய நேரத்தில் புறப்பட்டவருக்கு வழியில் பறக்க வேண்டிய அவசியம் இல்லை. தாமதமாகக் கிளம்பியவரே வளைவிலும் முந்துகிறார். ரயில்வே கேட்டிலும் பொறுமை இழக்கிறார்.

இரண்டாவது, சாலையின் மீது அவர் வைத்த கவனம். மாட்டின் லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் சாலையெங்கும் கிடந்து டயர்களைப் பதம் பார்த்தன. ஓடும் வண்டியின் முன்சக்கரம் வெடித்தால், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்து வண்டியே கவிழ்ந்துவிடக் கூடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் பொருத்திய ஒரு வண்டியைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கச் செய்தார்! சாலை அவருடையதன்று, ஆணியும் அவர் போட்டதன்று. ஆயினும் ஆபத்து எவரால் வந்தது என்று ஆராய்ந்துகொண்டிராமல் அதை அகற்றினார். அவருடைய பேருந்துக்குப் பின்னால் வந்த மற்ற வண்டிகளும் அதனால் நன்மை அடைந்தன.

தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையையும் அவர் நிறுவினார். வழுவழுப்பான டயர் ஈரச் சாலையில் பிடிப்பதில்லை என்பது நாம் அறிந்ததே. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவால் வண்டியை ஓட்டும் கருவியைத் தயாரித்துப் போக்குவரத்து நின்றுவிடாமல் காத்தார்.

அவருடைய மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மனம் தளராமல் டெல்லியில் மருத்துவம் பயின்று, பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். பெண்களாகிய எங்களுக்கு இதுவும் பெருமை தருவதாகும்.

1955ஆம் ஆண்டு கோடைக்கானலில் அய்யங்கார் காலமானார். அவர் வளர்த்த பேருந்துப் போக்குவரத்தை 1970களில் அரசு ஏற்றுக்கொண்டது. அவர் வழிவந்தோர் 1962இல் அம்பத்தூரை அடுத்த பாடியில் பிரேக் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினர். அந்தப் பாடி பின்னர் சில காலம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. வண்டியை ஓட்டிக் காட்டியவரின் குடும்பம், அதை நிறுத்தும் கருவியையும் செய்து தந்தது எவ்வளவு பொருத்தம்!

இன்று நம் பகுதியைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வரும் கன்டெய்னர் லாரிகளும், ஷிப்டு மாறும் வேளையில் விரையும் கம்பெனிப் பேருந்துகளும், கல்கத்தா நெடுஞ்சாலையைக் கடக்கும் சைக்கிள்களும் ஓரிடத்தில் கூடுகின்றன. நம் தந்தையரும் அண்ணன்மாரும் அந்த வழியேதான் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். லாரியின் இடப்பக்கம் ஒட்டி நிற்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பதினாறு வயது நிரம்பியவர், பெற்றோர் சம்மதத்துடன், 50 சி.சி.க்கு மிகாத கியர் இல்லாத வண்டிக்கு உரிமம் கோரலாம். மற்ற இருசக்கர வண்டிகளுக்கும் சொந்தக் காருக்கும் பதினெட்டு நிரம்ப வேண்டும். முதலில் பழகுநர் உரிமம். அதற்குச் சாலைக் குறிகளைக் கற்க வேண்டும். சிவப்பு வட்டம் தடையைச் சொல்லும், முக்கோணம் எச்சரிக்கும், செவ்வகம் செய்தி கூறும். பிறகு ஆய்வாளர் முன்னிலையில், காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும்.

எட்டுப் போடுவது சில நிமிட வேலை. ஆனால் தேர்வு அன்றோடு முடிவதில்லை. காவலர் இல்லாத சந்திப்பிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பது, பின்னால் அமர்ந்து செல்லும்போதும் தலைக்கவசம் அணிவது, சாலையில் கிடக்கும் கல்லைக் கண்டால் ஓரமாக எடுத்துப் போடுவது ஆகியவையே அன்றாடத் தேர்வுகள். பெற்றோரே, வயது வராத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். தோழியரே, அவசரம் என்று சாவியைக் கேட்காதீர்கள்.

பிறர் போட்ட ஆணியையும் பொறுக்கிய பெரியாரை நினைவிற்கொண்டு, நம் வழியையும் நமக்குப் பின்னால் வருவோர் வழியையும் காப்போமாக!