அர்ச். அகுஸ்தீனும் தின்மையின் புதிரும்

நல்லவரான சர்வேசுரன் படைத்த உலகில் தின்மை எங்கிருந்து வந்தது? துன்பம் வரும்போதெல்லாம் நம் உள்ளத்தில் எழும் இக்கேள்வி, அர்ச். அகுஸ்தீனையும் இளமை முழுவதும் வாட்டியது.

அவர் 354-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, வட ஆப்பிரிக்காவில் இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டிலுள்ள தாகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்தார். தாயார் பக்தியிற் சிறந்த மோனிக்கம்மாள். பதினாறாம் வயதில் அவர் தோழரோடு சேர்ந்து அயலாரின் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசியினால் அல்ல; வீட்டில் அதைவிட நல்ல பழங்கள் இருந்தன. திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தவறு என்பதற்காகவே அத்தவற்றை விரும்பினோமே என்று பிற்காலத்தில் மனம் வருந்தி ஆராய்ந்தார்.

கார்த்தாஜ் நகரில் கல்வி பயில்கையில் மனிக்கேயரின் போதனையில் விழுந்தார். ஒளி, இருள் என ஆதிமுதல் இரண்டு சக்திகள் உண்டென்றும், மனிதனுக்குள் இருக்கும் இருளே பாவம் செய்கிறதென்றும் அவர்கள் போதித்தார்கள். பழியை வேறொன்றின்மேல் சுமத்த இது வசதியாயிருந்தது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அதில் உழன்றார்.

384-ம் ஆண்டு மிலான் நகர் சென்று, அர்ச். அம்புரோசியாரின் பிரசங்கங்களைக் கேட்டார். பிளாத்தோவின் வழிவந்த ஞானிகளின் நூல்களையும் படித்தார். உண்மை துலங்கிற்று. சர்வேசுரன் படைத்தவை யாவும் நல்லவை. தின்மை தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே. ஒளி இல்லாமை இருளாவதுபோல, உடல்நலம் குன்றுதல் நோயாவதுபோல அது இருக்கிறது. மனிதனின் சுயாதீன மனம் மேலான நன்மையை விட்டுக் கீழானதை நாடும்போது பாவம் பிறக்கிறது. இதனால் துன்பம் வெறும் தோற்றமென்று அவர் சொல்லவில்லை. கண்ணிழந்தவனுக்குக் குருடு மெய்யான வேதனையே. 387-ம் ஆண்டு பாஸ்கு இரவில் ஞானஸ்நானம் பெற்றார்.

391-ல் குருவாகி, சில ஆண்டுகளில் இப்போ நகரின் மேற்றிராணியாரானார். அக்காலத்தில் தொனாத்தியர் என்னும் பிரிவினைக்காரர் சிலர், அவருடைய குருக்களில் ஒருவரைக் கொன்றார்கள். மற்றொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலை வெட்டினார்கள். பிரிவினையை அரச சட்டத்தால் அடக்குவதை அகுஸ்தீன் ஏற்றிருந்தவர்தான். ஆயினும் அக்குற்றவாளிகளைக் கொல்லவோ அங்கவீனமாக்கவோ வேண்டாமென்று அதிகாரியான மர்செல்லீனுக்கு எழுதி மன்றாடினார். தின்மை செய்தவனும் சர்வேசுரனின் படைப்பே. அவன் திருந்தக் காலம் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதற்காகக் கைகட்டி இருந்தவரல்லர். அடிமை வியாபாரிகள் ஏழைகளைப் பிடித்துக் கப்பலேற்றி வந்தபோது, இப்போ நகரின் விசுவாசிகள் ஏறக்குறைய 120 பேரை விடுவித்தார்கள். அவ்வியாபாரத்தைத் தடுக்க வழிதேடி அகுஸ்தீன் கடிதம் எழுதினார். சிறைப்பட்டோரை மீட்கக் கோவிற் பாத்திரங்களையும் உருக்கச் செய்தார்.

410-ல் உரோமை சூறையாடப்பட்டதும், கிறிஸ்தவ வேதமே அதற்குக் காரணமென்று அஞ்ஞானிகள் தூற்றினார்கள். அதற்கு மறுமொழியாகத் தேவ நகரம் என்னும் நூலை 22 பாகங்களில் எழுதினார். நல்லோர்க்கும் தீயோர்க்கும் துன்பம் ஒருங்கே வரும். அதைத் தாங்கும் விதத்திலேதான் வேறுபாடு உண்டென்று அதிற் காட்டினார்.

430-ல் வந்தாலர் படை இப்போ நகரை முற்றுகையிட்டது. நோயுற்றுக் கிடந்த அகுஸ்தீன், தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, கண்ணீரோடு வாசித்து வந்தார். வாசலில் பகைவர் நின்ற வேளையிலும் தம் பாவத்தையே முதலில் நினைத்தார். ஆகஸ்டு 28-ந் தேதி, தமது 75-ம் வயதில் மரித்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, நமக்குத் தீங்கு செய்தவனை முற்றிலும் தீயவனென்று தள்ளிவிடுவது எளிது. அவனிடம் குறைந்துபோன நன்மையை மீண்டும் வளர்ப்பதும், அதே குறைவை நம் இருதயத்தில் முதலில் தேடுவதுமே கடினம். அர்ச். அகுஸ்தீன் நடந்த வழி அதுவே.