மருத்துவ அறிஞர் ஜேம்ஸ் பார்க்கின்சன்

நோயைத் தீர்க்கப் புகுவோன் முதலில் அந்நோய் இன்னதெனத் தெளிதல் வேண்டும். அடுத்து அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடுதல் வேண்டும். இதுவே திருவள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த முறையாகும். இம்முறையின் முதற்படியைச் செவ்வனே செய்து, ஏனைய படிகளைப் பின்வருவோர்க்கு விட்டுச் சென்றார் ஓர் அறிஞர். அவரே இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

இளமையும் கல்வியும்

இலண்டன் மாநகரை ஒட்டிய ஹாக்ஸ்டன் என்னும் இடத்தில் 1755 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 11 ஆம் நாள் பார்க்கின்சன் பிறந்தார். அவர்தம் தந்தையார் அங்கே மருந்து கலந்து கொடுத்தும் அறுவை மருத்துவம் செய்தும் வாழ்ந்தவர். மகனும் தந்தையாரிடமே தொழில் பயின்றார். 1776 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனையில் ஆறு திங்கள் பயிற்சி பெற்றார். 1784 இல் அறுவை மருத்துவர்க்குரிய தகுதிச் சான்றும் பெற்றார். ஜான் ஹண்டர் என்னும் பேரறிஞர் ஆற்றிய விரிவுரைகளைச் சுருக்கெழுத்திற் குறித்துக்கொண்டார். கண்டதையும் கேட்டதையும் உள்ளவாறு எழுதிவைக்கும் இப்பழக்கம் பிற்காலத்தில் அவருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தது.

மக்கள் தொண்டு

பார்க்கின்சன் ஹாக்ஸ்டனிலேயே தங்கி, அங்குள்ள மக்களுக்கு மருத்துவம் செய்துவந்தார். எளியோரும் படித்துப் பயன்பெறும் வண்ணம் உடல்நல நூல்கள் எழுதினார். அக்காலத்தில் இங்கிலாந்தில் வாக்குரிமை சிலர்க்கே உரியதாய் இருந்தது. அஃது எளியோர்க்கும் வேண்டுமென வாதாடிய சங்கம் ஒன்றில் அவர் சேர்ந்தார். புனைபெயர் பூண்டு, ஆட்சியிலிருந்த குறைகளைக் கண்டித்துச் சிறு நூல்கள் வெளியிட்டார். அச்சங்கத்தார் சிலர் மன்னரைக் கொல்லச் சூழ்ந்தனர் என்று 1794 இல் குற்றஞ்சாட்டப்பட்டபொழுது, மன்னரின் ஆலோசனை மன்றத்தின் முன் நின்று அவர்கள் பொருட்டுச் சான்று பகர்ந்தார்.

அவரது அறிவுவேட்கை மருத்துவத்தோடு அமையவில்லை. மண்ணிற் புதைந்து கல்லாய் இறுகிய பழங்கால உயிர்களை ஆராய்ந்து, 1804 முதல் 1811 வரை மூன்று பெருந்தொகுதிகள் வெளியிட்டார். 1807 இல் இலண்டனில் நிலவியற் கழகத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர்.

தெருவிற் கண்ட நோய்

பார்க்கின்சன் தம் அறுபதாம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு நோயைக் கூர்ந்து நோக்கலானார். முதியோர் சிலர்க்குக் கை மெல்ல நடுங்கத் தொடங்கும். நாளடைவில் நடுக்கம் மற்றை உறுப்புகளுக்கும் பரவும். உடல் முன்னோக்கி வளையும். நடக்க எண்ணி அடியெடுத்து வைத்தால் கால்கள் தாமே ஓட்டம் பிடிக்கும். இத்துன்பத்தைக் கண்டோர் பலர். முதுமையின் விளைவென்று அதனைக் கடந்து சென்றோரும் பலர். பார்க்கின்சனோ கடந்து செல்லாது நின்று நோக்கினார்.

ஒருநாள் தெருவில் ஏறத்தாழ அறுபத்தைந்து வயதுடைய முதியவர் ஒருவரைக் கண்டார். அவர் முன்பு மாலுமியாக இருந்தவர், கட்டமைந்த உடலினர். ஆயினும் தலையும் உடலும் ஓயாது ஆட, குனிந்தவாறே ஓடிக்கொண்டிருந்தார். ஐந்தாறு அடிக்கு ஒருமுறை கைத்தடியைத் தரையில் வன்மையாக ஊன்றியே அவரால் உடலை நிமிர்த்த முடிந்தது. பார்க்கின்சன் அவரோடு உரையாடி, அவர் வரலாற்றைக் கேட்டறிந்தார். ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஈரத் தரையிற் பல திங்கள் படுத்திருந்ததே தம் நோய்க்குக் காரணமென அம்முதியவர் கருதியிருந்தார்.

மற்றொருவரைத் தொலைவிலிருந்து காணும் வாய்ப்பே கிடைத்தது. பணியாள் ஒருவன் எதிரே நின்று அவர் தோள்களைப் பற்றிக்கொள்வான். அவர் முன்னும் பின்னும் மெல்ல அசைந்து நிலைபெற்றதும் ஓடத் தொடங்குவார். பணியாள் விலகி முன்னே ஓடி, இருபது அடி தொலைவில் அவர் விழாதவாறு தாங்கிக்கொள்வான்.

இவ்வாறு ஆறு நோயாளரின் நிலைகளைத் தொகுத்து, நடுக்குவாதத்தைப் பற்றிய சிறுநூல் ஒன்றைப் பார்க்கின்சன் 1817 இல் வெளியிட்டார். அதுவரை தனித்தனியே தோன்றிய குறிகள் யாவும் ஒரே நோயின் கூறுகளே என்று அந்நூல் தெளிவாக்கிற்று. நோயின் இருப்பிடம் கழுத்தை ஒட்டிய தண்டுவடப் பகுதி என்று அவர் கருதினார். கழுத்திற் குருதி வடித்தல் பயன் தரலாம் என்றும் எண்ணினார். இவ்விரண்டும் பொருந்தாமையைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. ஆயினும் தாம் கூறுவது ஊகமே என்பதை அவர் மறைத்தாரல்லர். இறந்தோர் உடலை ஆராயும் அறிஞர்கள் இந்நோயின் காரணத்தைக் காணல் வேண்டும் என்று விரும்பியே அந்நூலை வெளியிட்டார்.

1824 ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 21 ஆம் நாள் பார்க்கின்சன் உலக வாழ்வை நீத்தார்.

பின்வந்தோர் பணி

பல்லாண்டுகள் கழித்து, பாரிஸ் நகர மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். 1919 இல் திரெத்தியாக்காஃப் என்பவர், இந்நோயால் இறந்தோர் மூளையின் நடுப்பகுதியில் கருநிறமுடைய நரம்பணுக்கள் அழிந்திருத்தலைக் கண்டார். 1957 இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல்சன், மருந்தொன்றால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளைச் செலுத்த, அவை எழுந்து இயங்கின. 1960 இல் வியன்னா நகரில் ஹார்னிக்கீவிச் என்பார், நோயுற்றோர் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் பெரிதும் குறைந்திருப்பதை மெய்ப்பித்தார்.

டோபமினை நேரே கொடுத்தால் அது மூளைக்குட் புகாது. டோபாவோ உட்புகுந்து டோபமினாக மாறும். ஆதலின் 1961 இல் வியன்னாவில் அதனை ஊசி வாயிலாகச் செலுத்தினர். படுக்கையிற் கிடந்தோர் சிலர் சில மணி நேரம் எழுந்து நடந்தனர். 1967 இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர், சிறிது சிறிதாக அளவை உயர்த்தி உட்கொள்ளச் செய்யும் முறையைக் கண்டார். லெவோடோபா என்னும் பெயரால் அதுவே இன்றும் தலையாய மருந்தாக விளங்குகிறது. நம் நாட்டு மூலிகையாகிய பூனைக்காலியின் விதையில் இப்பொருள் உண்டென்பதைச் சென்னையில் ஆய்ந்த தாமோதரனும் இராமசுவாமியும் 1937 இலேயே வெளியிட்டிருந்தனர் என்பது நாம் மகிழ்தற்குரியது.

இம்மருந்து துன்பத்தைத் தணிக்கின்றதேயன்றி, நரம்பணுக்கள் அழிவதைத் தடுப்பதில்லை. அழிவைத் தடுக்கும் மருந்தை அறிஞர்கள் இன்னும் தேடிவருகின்றனர்.

பார்க்கின்சனின் உருவப்படம் என உறுதியாகக் கொள்ளத்தக்கது ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் முகத்தை நாம் அறியோம். ஆயினும் அவர் பிறந்த ஏப்ரல் 11 ஆம் நாளை உலகோர் அந்நோயாளரை நினைக்கும் நாளாகப் போற்றுகின்றனர். தம்மால் தீர்க்க இயலாத துன்பத்தையும் புறக்கணியாது, பொறுமையுடன் நோக்கி, உள்ளதை உள்ளவாறு எழுதிவைத்தார் அப்பெரியார். அவர் இட்ட அடிப்படையின் மீதே பின்வந்தோர் மருந்து கண்டனர். முடிவைத் தாம் காணாவிடினும் தொடக்கத்தைச் செம்மையாகச் செய்தல் பெருந்தொண்டே என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.