கிறேஸ் ஹொப்பர் (1906 – 1992)

மாணவர்களே, கோபோல், போட்ரான் ஆகிய உயர்மட்ட மொழிகளின் பெயர்களை நீங்கள் கற்றிருப்பீர்கள். இவை தோன்றுவதற்கு முன்னர், கணினி தனது செய்நிரலைத் தானே தொகுத்துக்கொள்ளும் என்று சொன்னால் நம்புவார் இருக்கவில்லை. அதனை ஆய்வரங்குகளில் விடாது எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் கிறேஸ் ஹொப்பர் என்ற அம்மையார்.

இவர் 1906 டிசெம்பர் 9 இல் நியூயோர்க் நகரில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1934 இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, வாசார் கல்லூரியில் கற்பித்தார். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கடற்படையில் சேர விரும்பினார். வயது கூட, உடல்நிறை குறைவு எனத் தடை வந்தது. விசேட அனுமதி பெற்று 1943 இல் சேர்ந்தார். 1944 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 1 கணினியில் பணியாற்ற அனுப்பப்பட்டார். துளையிட்ட கடதாசி நாடாவினால் இயங்கிய அப்பொறி 51 அடி நீளமானது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். 1947 இல் மார்க் 2 கணினியினுள் அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர் ஹொப்பர் எனப் பலரும் எழுதுவர். அது சரியன்று, உடன் பணியாற்றியோர் கண்டதை இவர் பிற்காலத்தில் சுவையாகச் சொல்லி வந்தார். வழுவைப் பூச்சி என அழைக்கும் வழக்கும் அதற்கு முன்னரே பொறியியலாளரிடம் இருந்தது.

1949 இல் பிலடெல்பியாவுக்குச் சென்று யுனிவக் கணினியில் பணியாற்றினார். அக்காலத்தில் செய்நிரலர்கள் முன்னர் எழுதிய துணைச் செய்நிரல்களைக் குறிப்புப் புத்தகங்களிலிருந்து கையால் பிரதி செய்தனர். பீ என்ற ஆங்கில எழுத்து பிரதியில் 13 ஆக மாறிவிடும். முகவரிகளைக் கூட்டும்போதும் பிழைக்கும். எனவே ஒவ்வொரு துணைச் செய்நிரலுக்கும் ஓர் அழைப்பு எண் கொடுத்துக் காந்த நாடாவில் சேமித்தார். எண்களைக் கொடுத்தால் கணினியே அவற்றைத் தேடி, முகவரிகளைத் திருத்தி, ஒன்றாக இணைக்கும். இதுவே ஏ-0 எனும் முறைமை. இதனை விளக்கும் கட்டுரையை 1952 மே மாதத்தில் பிற்ஸ்பேர்க் நகரில் கணினியாளர் சங்கக் கூட்டத்தில் சமர்ப்பித்தார். ஏ-0 ஐ முதலாவது தொகுப்பான் என்பர். உண்மையில் அது இன்றைய இணைப்பானின் வேலையையே பெரிதும் செய்தது.

1954 மே 13, 14 ஆந் திகதிகளில் வோஷிங்டனில் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் தன்னியக்கச் செய்நிரலாக்கம் பற்றி ஓர் ஆய்வரங்கை நடத்தியது. பின்னர் போட்ரானை உருவாக்கிய ஜோன் பக்கஸும் அங்கு உரையாற்றினார். செய்நிரல் மொழிகளுக்கெனக் கூடிய மிக முந்திய அரங்குகளுள் அதுவும் ஒன்று.

ஹொப்பருக்கோ மற்றொரு எண்ணமும் இருந்தது. வர்த்தகக் கணக்குகளைச் செய்வோர் குறியீடுகளை விரும்பார். சொற்களாலேயே கட்டளை எழுதலாம் என்றார். மேலதிகாரிகளுக்குச் செய்து காட்டுகையில் ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சு, ஜேர்மன் சொற்களையும் இட்டுக் காட்டினார். கணினிக்கு எம்மொழிச் சொல்லும் வெறும் குறியீடே. ஆனால் அமெரிக்கக் கணினி பிறமொழி பேசுவதா என அவர்கள் திகைத்தனர்! எனினும் புளோமற்றிக் மொழி வெளிவந்தது.

1959 மே மாதத்தில் பென்டகனில் கூடிய மாநாடு, எல்லா நிறுவனங்களின் கணினிகளுக்கும் பொதுவான வர்த்தக மொழி ஒன்றை ஆக்கத் தீர்மானித்தது. அதுவே கோபோல். அதனை ஒரு குழுவே வடிவமைத்தது. ஹொப்பர் ஆலோசகர், புளோமற்றிக் முன்மாதிரி. ஆகவே விடையில் கோபோலை அவர் தனியே ஆக்கினார் என எழுதாதீர்கள். 1960 டிசெம்பரில் ஒரே கோபோல் செய்நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் இயங்கியது.

1978 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற்ற செய்நிரல் மொழிகளின் வரலாற்று மாநாட்டில் ஹொப்பரே முதன்மை உரை ஆற்றினார். விரிவுரைகளில் ஏறத்தாழ 30 சதமமீற்றர் நீளக் கம்பித் துண்டுகளைப் பகிர்ந்தளிப்பார். ஒரு நனோசெக்கனில் ஒளி செல்லும் தூரம் அது. 1986 இல் 79 ஆவது வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்ற அவர், 1992 ஜனவரி 1 இல் காலமானார்.